பீரோவுக்குள் என் எம்.காம்.

தங்கை மகளுக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. நான் துணைப் பதிவாளராக ஓய்வு பெற்ற அதே பல்கலைக்கழகம். இத்தகைய அழைப்புகளுக்கு வரைவு எழுதியே தலை நரைத்தவன் நான். ‘அசல் சான்றிதழ் இல்லாதவர் அனுமதிக்கப்படமாட்டார்’ என்ற வரி, விட்டுவந்த இடத்திலேயே இருந்தது.

அசல்கள் அவளிடம் இல்லை. வடமதுரை சாலையில் அவள் சிவில் பாடம் நடத்தும் தனியார் பொறியியல் கல்லூரியின் பீரோவில் இருந்தன. அங்கே ஆசிரியராகச் சேருகிறவர் பட்டத்தை ஒப்படைத்துவிட்டுத்தான் சேர வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் ஓடிவிடுவார்களாம்.

“கேட்டுப் பாத்தேன் மாமா. எடுத்தா பதிலுக்கு வேற ஒரிஜினல் ஒன்னு வைக்கணும்ங்கிறாக. யாருதுன்னாலும் சரியாம்.”

“ஒம் புருசனோடத வையி.”

“அது அவுக காலேஜ் பீரோவுல இருக்கு.”

என் எம்.காம். பட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கிக் கொண்டுபோனோம். கல்லூரி மேலாளர் பூட்டைத் திறந்து அவளுடையதை எடுத்து, என்னுடையதை அவள் கோப்பிலேயே செருகினார். பீரோவுக்கு நேர் மேலே கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சுற்றறிக்கை மாட்டியிருந்தது. ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது, இதனை அனைவர் பார்வையிலும் படுமாறு வைக்கவும். கீழே என் கையொப்பம். சுட்டிக்காட்டினேன். அதனால்தான் மாட்டியிருக்கிறோம் என்றார்.

அவள் தேர்வானாள். திங்கட்கிழமைக்குள் விடுவிப்பு ஆணையுடன் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்றது நியமனக் கடிதம். அந்த வரியும் என் கைவண்ணம்தான். மேலாளரோ, வெள்ளிக்கிழமை ஆசிரியர்களைத் தலையெண்ண ஆய்வுக்குழு வருகிறது, அவள் நாற்காலிக்கு மாற்று ஆள் காட்டாமல் விட முடியாது என்று கையை விரித்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஒங்க பட்டம் இங்கதான சார் இருக்கு. ஆளும் வந்து செத்த நேரம் உக்காந்தா, பிள்ளைய அன்னைக்கே விட்டுர்றோம்.”

பொய் சொல்லமாட்டேன் என்றேன். யாரும் கேட்கமாட்டார்கள் என்றார்.

கேட்டார்கள். குழுத்தலைவர் என் முன் நின்று, எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறேன் என்று கேட்டார். பட்டம் இரண்டு மாதமாக இருக்கிறது, நான் இன்று காலைதான் வந்தேன் என்றேன். சிவில் துறையில் எம்.காமா என்றார். ஆமாம், தங்கை மகளின் விடுவிப்பு ஆணைக்காக உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். தலைவர் மேலாளர் பக்கம் திரும்பினார்.

“ஒரிஜினல் இருக்கா?”

மேலாளர் ஓடிப்போய் எடுத்துவந்தார். தலைவர் பட்டத்தை வெளிச்சத்தில் பிடித்து, முத்திரையை விரலால் தடவிப் பார்த்து, தன் தாளில் ஒரு டிக் போட்டார். இத்தனை பேரில் சொன்னதற்கெல்லாம் ஒழுங்காக ஆதாரம் காட்டியவர் நீங்கள்தான் என்று பாராட்டவும் செய்தார். அடுத்து எல்லோரும் பிரியாணிக்குப் போனோம். பந்தியில் எனக்கு ஆசிரியர் வரிசையில் இடம்.

விடுவிப்பு ஆணை மாலையே கிடைத்தது. திங்கட்கிழமை அவள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள். மறுநாள் என் பட்டத்தைக் கேட்கப் போனேன். மேலாளர் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

“ஆய்வுல ஒங்க பேரு ஏறிருச்சு சார். செமஸ்டர் நடுவுல யாரையும் விடுறதில்ல.”

உரிய வழியில், துறைத்தலைவர் மூலமாக, ராஜினாமா கொடுத்திருக்கிறேன்.