மணிக்கு ஒரு சிலை

சிமென்ட் நாய் வார்க்கிற தொழிலில் சிமென்ட் நம்ம பேச்சைக் கேட்கும், மனுஷங்கதான் கேட்க மாட்டாங்க. இந்த மராத்திக்கார ஊர் மாதிரி வேற்று பாஷைக்கார ஊரில் கடை போட்டு அல்லாடுகிற என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாக்கு

லோஹேகாவில் ஒரு ரிட்டயர்டு ஏர்ஃபோர்ஸ்காரர், சொந்த ஊர் திருநெல்வேலி. கேட் தூணில் வைக்க அல்சேஷன் வாங்கிப் போனவர், மறுநாளே திருப்பித் தூக்கிவந்தார். வாய் மூடியிருக்கிறதாம், திருடன் பயப்பட மாட்டானாம். வாயைச் செதுக்கித் திறந்து, பல் வைத்து, நாக்குக்குச் சிவப்பும் அடித்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏ தம்பி, குரைக்கச் சொன்னா இது வாங்க வாங்கன்னுல்லா சிரிக்கு!"

ஞாயிற்றுக்கிழமை மணி

வாகட்டிலிருந்து ஒரு ஐ.டி.க்காரர் போன் பண்ணினார், கோயம்புத்தூர்க்காரர். வளர்த்த நாய் மணி செத்துப்போச்சு. சின்ன மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. சிலை வருதுன்னு சொல்லித்தான் ரெண்டு வாய் ஊட்டுறோமுங்க, ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றேன் என்றார்.

நான் அப்போது சாகணில், ஒரு கம்பெனி வாசலில் நாய் பொருத்திக்கொண்டிருந்தேன். கொட்டகையில் இருந்த என் மராத்திக்கார வேலையாள் சந்தோஷிடம் போனிலேயே என் அரைகுறை மராத்தியில் சொன்னேன்: மணிக்குச் சிலை, வெள்ளை உடம்பு, இடது கண்ணைச் சுற்றிப் பழுப்பு, கழுத்தில் சிவப்புப் பட்டை.

ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் எல்லாம் சொன்னபடியே இருந்தது. வெள்ளை உடம்பு, பழுப்புக் கண், சிவப்புப் பட்டை. ஆனால் பூனை! அட பாவி என்று கத்தினேன். மராத்தியில் வீட்டுப் பூனையை மனி என்றுதான் கூப்பிடுவார்களாம். மூலையில் கிடந்த பூனை அச்சைத் தேடி எடுத்து வார்த்திருக்கிறான். பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே என்னைத் திருப்பிக் கேட்டான்.

"நாய்க்குப் போய் யாராவது மனின்னு பேர் வைப்பாங்களா, சேட்?"

மகள்

மூடி வைக்கச் சாக்கு தேடுவதற்குள் அப்பாவும் மகளும் வந்துவிட்டார்கள். அவர் என்னை முறைத்தார். முறைக்க மாட்டாரா பின்னே? அடுத்த வாரம் நாயைத் தந்துவிடுகிறேன் என்று முனகினேன். குழந்தை பூனை முன்னால் குந்தி உட்கார்ந்து, அந்தப் பழுப்புக் கண்ணைத் தடவியது. இனி இந்தக் குழந்தை சாப்பிட்ட மாதிரிதான் என்று நினைத்தேன். குழந்தை எழுந்து அப்பா கையைப் பிடித்தது.

"அப்பா, இதுவும் வேணும். இது இல்லாட்டி மணி யாரைத் துரத்தும்?"

அதிலிருந்து யார் வந்தாலும் நாயின் போட்டோவைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன், பேரை மட்டும் கேட்பதே இல்லை.