உயிரோடு இருக்கிற மாடல்

ஆபீஸ் மெஷின் ரிப்பேர்காரனை "வாங்க" என்று வரவேற்றவர் யாருமில்லை, "இப்பதான் வர்றியா?" என்பதுதான் எங்களுக்கு நல்வரவு. திட்டு வாங்கிப் பழகிய சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா! டைப்ரைட்டரில் ஆரம்பித்து, கணக்குப் போடும் மெஷின், நகல் மெஷின் என்று தலைமுறை தலைமுறையாகத் தயாரிக்கும் கம்பெனி எங்களுடையது. செஞ்சி வட்டாரம் என் தலையில்.

பொட்டு வைத்த நகல்

தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் பூங்காவனம் அக்கா. எங்கள் கம்பெனியின் பழைய மாடல் ஒன்றுதான் அவருடைய பிழைப்பு. ஆயுதபூஜைக்கு மறுநாள் அவசரமாகக் கூப்பிட்டார். எந்தத் தாளை வைத்தாலும் நகலில் ஒரு கரும்புள்ளி. மூடியைத் திறந்தால், மெஷினுக்கு வெளியே வைத்தது போதாதென்று உள்ளே கண்ணாடியிலும் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு!

துணியை எடுத்தேன். மேல்மலையனூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் தன் ஆதார் நகலையே பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளி சரியாக அவர் நெற்றியில் விழுந்திருந்தது. "இருக்கட்டும் உடு தம்பி, இதுலதான் மூஞ்சி லட்சணமா இருக்குது" என்றார்.

மத்தியானக் கனவு

மத்தியானத்தில் அந்தக் கடையில் வேலை செய்ய எனக்கு ரொம்பப் பிடிக்கும். தெருக்கோடியில் ராஜகிரி மலை வெயிலில் மிதக்கும். மூடிக்கு அடியில் பச்சை வெளிச்சம் மெதுவாகப் போகும், திரும்பி வரும். சூடான தாளின் வாசனை. யாருடைய நிலம், யாருடைய கல்யாணம், யாருடைய மதிப்பெண் என்று அந்த வெளிச்சம் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போவதாகத் தோன்றும். நானும் அதோடு எங்கேயோ போய்விடுவேன்.

ஒருநாள் அப்படிப் போய்த் திரும்பியபோது, ஒரே ஒரு இறப்புச் சான்றிதழின் நகல் தரையெல்லாம் குவிந்து கிடந்தது. அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஒருத்தரு செத்ததுக்கு ஊருக்கே சர்டிபிகேட் அடிச்சிட்டியே, இன்னா தம்பி நீ!"

கண்ணாடிப் பெட்டி

இந்த வருஷம் டிரம் தேய்ந்துவிட்டது. தாளில் எழுத்தைப் பதிப்பதே அந்த உருளைதான். நகல்கள் சாம்பலாக விழுந்தன. ஆட்கள் பக்கத்துக் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். அந்த மாடலுக்கு டிரம் தயாரிப்பதைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. வேறு மெஷின் வாங்க அக்காவால் முடியாது. கடையை மூட வேண்டியதுதான்.

டிரம் இனி கிடைக்காது என்று மட்டும் சொன்னேன், கடையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. கம்பெனியின் பெருமைகளை அச்சடித்த பளபளப் புத்தகம் ஒன்று பையில் இருந்தது. அதை நீட்டிவிட்டு நின்றேன். அதில் தலைமை அலுவலகக் காட்சிக்கூடத்தின் படம். கண்ணாடிப் பெட்டிக்குள், மாலை போடாத குறையாக, இதே மாடல் நின்றது. அக்கா அதை வெகுநேரம் பார்த்தார். "இது சும்மாதானே நிக்குது? இதுக்கு எதுக்கு டிரம்மு? கழட்டி எனக்கு அனுப்பச் சொல்லு."

பார்சல்

காட்சிக்கூடப் பொறுப்பாளருக்குப் போன் போட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டேன். என் பெயரையும் வட்டாரத்தையும் குறித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

ஆனால் பார்சல் வந்தது. உள்ளே டிரம்! மாட்டினேன். பச்சை வெளிச்சம் போனது, வந்தது. எழுத்தெல்லாம் கருகருவென்று முதல் நகல் வந்து விழுந்தது. அக்கா அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்லப் போன் செய்தபோது பொறுப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "இங்க மூடியை யாரும் தொறக்காம நான் பாத்துக்கறேன், அங்க நீங்க அதை ஓட்டிக்கிட்டே இருங்க."

ஆக, எங்கள் கம்பெனியின் பாரம்பரியத்தைப் பார்க்கத் தலைமை அலுவலகம் போகிறவர்கள் வெறும் கூட்டைத்தான் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். உயிர் இங்கே செஞ்சியில் வருமானச் சான்றிதழுக்கு நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது.