முன்சுவரில் ஒரு கையெழுத்து

டைப்பிஸ்ட் அக்கா என்று தெருவே கூப்பிடும் அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. ஸ்கேன் சென்டரில் டாக்டர் படத்தைப் பார்த்துப் போனில் சொல்லச் சொல்ல, வீட்டில் உட்கார்ந்து ரிப்போர்ட் தட்டி அனுப்புவாள். பதினெட்டு வருடமாக அவளுக்குச் சோறு போட்டது அந்தப் போன்தான். செல்போனில் வேலை பார்க்கலாமென்றால், அவள் இருந்த பின்கட்டுக்குள் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது.

மழை விட்ட வாரத்தில் லைனில் கரகரப்பு தொடங்கியது. ஒரு நாள் டாக்டர் "கட்டி தெரியவில்லை" என்று சொன்னதன் பின்பாதியை அது விழுங்கிவிட்டது. இவள் "கட்டி தெரிகிறது" என்று தட்டி அனுப்பிவிட்டாள். கையெழுத்துப் போடும்போது டாக்டர் கவனித்ததால் தப்பித்தது.

"இது வெளில போயிருந்தா அந்தம்மா பயத்துலயே செத்திருப்பாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள லைனைச் சரி பண்ணுங்க. இல்லன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார்.

புகார் கொடுத்தாள். வியாழக்கிழமை பத்திலிருந்து ஒரு மணிக்குள் இன்ஜினியர் வருவார் என்றது போன் ஆபீஸ் பெண் குரல். "வெளியில இருந்து ஒயர் வந்து சேர்ற பெட்டி எங்க மேடம் இருக்கு? அதுகிட்டப் போக வழி பண்ணி வைங்க."

பெட்டி முன்கட்டில், அண்ணன் வீட்டுக்குள் இருந்தது.

அப்பா சாகும்போது வீட்டை முன்கட்டு, பின்கட்டு என்று பிரித்து, மொட்டை மாடியில் மட்டும் இருவருக்கும் பாதிப் பாதி எழுதியிருந்தார். மகனுக்காக மேலே வீடு கட்ட அண்ணனுக்கு அவளுடைய பாதியும் வேண்டும். அவள் கொடுக்கவில்லை. அங்கே அவள் துணி காயப்போடுவதோடு சரி. இருந்தாலும், அந்த வீட்டில் நிமிர்ந்து பார்த்தால் வானம் தெரிகிற இடம் அவளுக்கு அது ஒன்றுதான். அவள் மாட்டேன் என்ற அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆறு வருடம்.

புதன்கிழமை முழுக்கத் தன் அறையை ஒழித்தாள். கட்டிலை நகர்த்தினாள், மேசைக்கடியில் இருந்த ஒட்டடையை அடித்தாள், எந்தெந்த நேரத்தில் கரகரத்தது என்று ஒரு தாளில் எழுதிவைத்தாள். எல்லாம் முடித்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருந்தது. சாயங்காலம் முகத்தைக் கழுவிக்கொண்டு முன்கட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

அண்ணி திறந்தாள். "என்ன, அதிசயமா இந்தப் பக்கம்?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் மனைவியிடம் பதில் சொன்னான். "வரட்டும்னு சொல்லு. அலமாரிய நான் நகத்தி வைக்கறேன்."

திரும்பி வரும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவன் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் பன்னிரண்டரைக்கு, இன்ஜினியர் என்று சொல்லப்பட்டவர் ஏணியும் பையுமாக வந்தார். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த லைன்மேன்தான். "உங்க பக்கம் சுத்தமா இருக்கும்மா. கோளாறு முன்னாடிதான்" என்றார்.

முன்கட்டில் அலமாரி சொன்னபடியே நகர்ந்திருந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது.

"ஒயர் மொத்தமும் போச்சு. புதுசா இழுக்கணும். முன்சுவத்துல துளை போடறதால சுவத்துக்குச் சொந்தக்காரர் இதுல ஒரு கையெழுத்துப் போடணும் சார்."

அண்ணன் நிதானமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். அலமாரியிலிருந்து வேறொரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தான். மாடியில் எனக்குள்ள பாதியை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று அதில் அடித்திருந்தது. அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு குறி.

"நீ இதுல போடு. நான் அதுல போடறேன்." ஆறு வருடத்துக்குப் பிறகு அவன் அவளிடம் நேராகப் பேசியது அதுதான்.

"நேத்தே விசாரிச்சு வெச்சிட்டாரு, கையெழுத்து கேப்பாங்கன்னு" என்றாள் அண்ணி, புருஷனின் சாமர்த்தியத்தில் பெருமை தாங்காமல்.

"என் பொழப்பு போயிடும்ணா" என்றாள் அவள்.

"அதுக்குத்தான் சொல்றேன். சட்டுனு போடு."

லைன்மேன் கடிகாரத்தைப் பார்த்தார். "வீட்டு விஷயம், நான் வெளில நிக்கறேன். ஆனா ரெண்டு மணிக்கு அடுத்த வீடு இருக்கும்மா. இன்னிக்கு விட்டா பத்து நாள் ஆகும்."

அவள் தாளை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். மூன்றாவது வரியில் 'உறிமை' என்று இருந்தது. பேனாவை வாங்கி அதை 'உரிமை' என்று திருத்தினாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மணிக்கு லைன் சரியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை டாக்டர், "ம், இப்பத் தேவலை" என்று மட்டும் சொன்னார்.

இரண்டே மாதத்தில் மாடியில் தூண் எழும்பியது. சிமெண்ட் தூசு அவள் மேசைவரை இறங்கியது. ஈரத்துணியை அறைக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்தினாள். அடுத்த வருடம் ஸ்கேன் சென்டரில், டாக்டர் பேசப் பேசத் தானே தட்டிக்கொள்ளும் கருவி வாங்கினார்கள். நாளை முதல் வேலை இல்லை என்பதை டாக்டரே போனில் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு எழுத்துகூட உடையாமல் அது அவள் காதில் விழுந்தது.

இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் காலை முதல் சாயங்காலம் வரை நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். போனை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டாள். அண்ணன் இப்போதெல்லாம் எதிரில் பார்த்தால் தாராளமாகப் பேசுகிறான். "சாப்டியா?" என்று கேட்கிறான். சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிட்டு அவள் பின்கட்டுக்குப் போய்விடுகிறாள்.