மாமா அனுப்பிவைத்த ஜெபக்கூட்டம்

மன்னிப்பைப் பற்றி யாராவது எனக்குப் பாடம் எடுக்க வந்தால், அதில் யாருக்கு லாபம் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். இந்தக் குணம் எனக்கு வந்த புண்ணியம் என் மாமாவைச் சேரும்.

மாமா அம்மாவின் அண்ணன். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் சேர்த்து வேனில் அனுப்பும் ஏஜென்ட். அம்மாவும் சித்தியும் அந்த வேனில்தான் வேலைக்குப் போய்வந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், தீபாவளி சீசன் மும்முரத்தில், அவர்கள் இருந்த ரூம் வெடித்தது. அம்மா வெளியே ஓடி வந்துவிட்டாள். சித்தி வரவில்லை. மாமாவுக்கும் அவள் தங்கைதான். அவர் அழவில்லை என்று சொல்ல மாட்டேன். விழுந்து புரண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு, கம்பெனி வேறு இடத்தில் வேலையைத் தொடங்கியதும் மறுபடி ஆள் ஏற்ற வேனை எடுத்துவிட்டார்.

அம்மா அழவே இல்லை. சித்தியின் பெயரைக்கூட எடுக்கவில்லை. குக்கர் விசில் அடித்தால் போதும், கையில் கரண்டியோ துணியோ எது இருக்கிறதோ அதோடு தெருவுக்கு ஓடிவிடுவாள். தெருப் பையன்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அவர்களைக் கல்லால் அடித்தேன். என்னைத் திட்டித் தலைவாரிவிடும் பழைய அம்மா எனக்குத் திரும்ப வேண்டும். அது ஒன்றுதான் அப்போது எனக்கு இருந்த கவலை.

மாமாவுக்கு வேறு கவலை. விபத்தைப் பற்றி தாலுகா ஆபீசில் விசாரணை வரப்போகிறது. நான்கு பேர் மட்டும் உட்கார வேண்டிய ரூமில் பத்துப் பேருக்கு மேல் உட்கார வைத்திருந்தார்கள். அதைச் சொல்ல உயிரோடு இருந்தது அம்மா ஒருத்திதான். "நாலு பேருதான்னு சொல்லிரு தங்கச்சி. போனவ வரவா போறா?" என்று வாரம் ஒரு தரம் வந்து சொல்லிப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் சிவகாசிக்குப் போகும் வழியில் இருக்கும் சர்ச்சில், வெடி விபத்தில் மனம் உடைந்தவர்களுக்காக ஜெபமும் ஆலோசனையும் தொடங்கப்போகிறது என்று மாமா கேள்விப்பட்டார். நாங்கள் காளியம்மனைக் கும்பிடுகிறவர்கள். மாமாவோ சர்ச் மைக் சத்தம் கேட்டாலே முகத்தைச் சுளிப்பவர். அவர் வந்து சொன்னார்: "போயிட்டு வா தங்கச்சி. மன்னிச்சு விட்டுரணும்னு அங்கன ரொம்ப நல்லாச் சொல்லிக் குடுப்பாகளாம்." மதம் மாற்றிவிடுவார்கள் என்று முணுமுணுத்த சொந்தக்காரர்களின் வாயையும் அவரே அடைத்தார். தனியாக ரோட்டைக் கடக்க அம்மா பயந்ததால் நானும் கூடப் போனேன்.

ஆலோசனை சொல்ல வந்தவர் நாகர்கோவில்காரர். எல்லோரும் அக்கா என்றார்கள். கனிவான முகம். நெற்றியில் திருநீறோடு போன அம்மாவைப் பார்த்து, "வாங்க, இப்படி உட்காருங்க" என்று தன் பக்கத்திலேயே இடம் தந்தார். வேலை முடிந்து வேனில் வந்து அப்படியே இறங்கிய பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சேலை ஓரங்களில் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பவுடர் மினுமினுத்தது. ஆளுக்கொரு காகிதம் கொடுத்து, மனதில் இருக்கும் காயத்தை எழுதச் சொன்னார் அக்கா. எழுதத் தெரியாதவர்கள் ஒரு கோடு போட்டால் போதும். பிறகு எல்லாவற்றையும் சிலுவைக்கு முன்னால் இருந்த மண்சட்டியில் போடச் சொன்னார். அதை எரித்துவிட்டால், நம் வேதனையை ஆண்டவர் வாங்கிக்கொண்டார் என்று அர்த்தமாம். எத்தனையோ ஊரில் இப்படிச் செய்தவர்தான். ஆனால் எங்கள் ஊருக்கு அன்றுதான் வந்திருந்தார்.

தீக்குச்சியை உரசினார்.

அடுத்த நிமிடம் அங்கே ஆளில்லை. செருப்பும் தூக்குச்சட்டியும் காகிதமும் அப்படியே கிடந்தன. நானும் ஓடினேன். வெளியே போய்ப் பார்த்தால் எனக்கு முன்பே ஓடிவந்து அந்த சர்ச் பாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். குக்கர் விசிலுக்கு ஓடும் என் அம்மா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"அன்னைக்கு ஓடுனேன்க்கா," என்றாள் அம்மா. "ஒரு கதவை மறிச்சு மூட்டை அடுக்கியிருந்தாக. இன்னொரு கதவு வழியா ஓடிட்டேன். எந்தங்கச்சி பின்னாலயே வர்றான்னு நெனச்சேன். இன்னைக்கு ஓட மாட்டேன். இந்தக் காகிதத்தை எரிக்கவும் விட மாட்டேன். அவ எரிஞ்சது போதும்."

குச்சி விரலைச் சுட்டதும் அக்கா கீழே போட்டு மிதித்தார். அம்மா நிறுத்தவில்லை. "மன்னிக்கச் சொல்றீக. அம்புட்டுப் பேரை அந்த ரூம்ல அடைச்சவன் வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேட்டானா? கேக்கட்டும். அப்பறம் யோசிக்கேன். இதுக்கு உங்க சாமி கோவிச்சாலும் கோவிக்கட்டும்."

அக்கா தரையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். "கோவிக்க மாட்டார்மா. அவர்கிட்டயே சண்டை போடுங்க, தாங்குவார். நீங்க ஓடினது பாவம் இல்ல. உயிர் ஓடச் சொல்லுச்சு, ஓடினீங்க. குச்சியை உரசினதுதான் தப்பு. அது என் தப்பு."

அதற்குப் பிறகு அக்கா மண்சட்டியையும் கொண்டுவரவில்லை, மன்னிப்பையும் பேசவில்லை. அம்மா பேசப்பேசக் கேட்டார். கேட்டு முடித்துக் கண்ணை மூடி ஜெபித்தார். சில நாள் அந்த ஜெபமே சண்டை மாதிரிதான் இருக்கும். மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மன்னிச்சிட்டாளா பாப்பா?" என்று கேட்பார். "இன்னும் இல்ல மாமா" என்பேன். "சரி, அடுத்த வாரமும் கூட்டிட்டுப் போ" என்று பஸ்ஸுக்குக் காசு கொடுப்பார். பாவம், தன் கையாலேயே கொடுத்தார்.

விசாரணை நாளில் அக்காவும் வந்து அம்மா பக்கத்தில் நின்றார். ரூமில் எத்தனை பேர் என்று அதிகாரி கேட்டார். அம்மா ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். மூட்டை அடுக்கியிருந்த கதவைச் சொன்னாள். வேனில் அனுப்பியது யார் என்று கேட்டபோது, திரும்பி மாமாவை நேருக்கு நேர் பார்த்து, "எங்கூடப் பொறந்த அண்ணன்" என்றாள். கடைசியாகச் சித்தியின் பெயரைச் சொன்னாள். சொன்னவள் வராந்தாவுக்கு வந்து மாரில் அடித்துக்கொண்டு, அந்த ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தி அழுதாள். அக்கா அவளைத் தேற்றவில்லை. சேர்ந்து அழுதார்.

"அம்புட்டு ஜெபமும் வீணாப் போச்சு, இவளுக்குப் பைத்தியம் முத்திருச்சு" என்று சொல்லிக்கொண்டே மாமா படியிறங்கிப் போனார். நான் அவரைத்தான் நம்பினேன். அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, "சும்மா இரும்மா, எல்லாரும் பாக்குறாக" என்று கெஞ்சினேன். சத்தமில்லாமல் இருப்பதற்குப் பெயர்தான் குணமாவது என்று அப்போது நான் நினைத்திருந்தேன்.