முதல் நாற்றுமுடி

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு புரட்டாசி மாதக் காலை. வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊரில் சம்பா நடவு. அன்றைக்கு எங்கள் சொந்த வயலில் முறை. 'சொந்த வயல்' என்று எழுதும்போது இப்போதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டார் காலங்காலமாக மிராசுதார் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலத்தை அரசாங்கம் பிரித்துக் கொடுத்தபோது அம்மா பேருக்கு ஒரு துண்டு கிடைத்தது. பட்டா வந்தது, வயல் வரவில்லை. மிராசு வீட்டார் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார்கள். தாசில்தார் ஆபீஸ், வக்கீல் வீடு என்று அம்மாவோடு அலைந்ததும் மனு எழுதியதும் நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒருவழியாக அந்த வருடம்தான் வயல் கைக்கு வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குச் சர்க்கரை நோய். பத்தாம் வகுப்பில் மயங்கி விழுந்தபோது தெரியவந்தது. அன்றிலிருந்து இன்சுலின் ஊசிதான். மருந்துப் புட்டியை ஈரமணல் போட்ட பானைக்குள் வைத்திருப்போம். கதவைச் சாத்திய பிறகுதான் அம்மா என்னை ஊசி போட்டுக்கொள்ள விடுவாள். அப்படியும் ஊருக்குத் தெரியாமல் இல்லை. கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுக்கும் தட்டு என் கைக்கு வராமல் தாண்டிப் போகும். சொந்தக்காரர் வீட்டிலேயே நான் குடித்த டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். வயலின் சனி மூலையில், அதாவது வடகிழக்கு மூலையில், வீட்டுப் பெண்பிள்ளை முதல் நாற்றுமுடியின் கட்டைப் பிரித்து நடவேண்டும். அதற்குப் பிறகுதான் நடவு ஆட்கள் இறங்குவார்கள். அன்று நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றேன். நடவுக் கூட்டத்தை நடத்துகிறவர் என் அத்தை, அப்பாவின் அக்கா. என்னைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் போனார்.

"இந்தா புள்ள, தப்பா நெனைக்காத. புது நெலம். மொத முடிய நோய் நொடி இல்லாத கை தொடட்டும். சின்னவ நடட்டுமே."

என் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.  நான் அழக்கூடாது என்று மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா அதுவரை அத்தையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று பேசினாள்.

"அண்ணி, இந்த நெலத்துக்கு மனு எழுதுனது இவ கைதான். அந்தக் கை தொடாம இந்த வயல்ல யாரும் எறங்க வேணாம்."

அத்தை நாற்றுக் கட்டுகள் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கோ ஊசி நேரம் ஆகியிருந்தது. வீடு தூரம். பையை எடுத்துக்கொண்டு வாய்க்கால் மறைவுக்கு நடந்தேன். "எங்க போற? இங்கயே போடு" என்றாள் அம்மா. கதவைச் சாத்திய அதே அம்மா! வரப்பில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க வயிற்றில் குத்திக்கொண்டேன். பெண்கள் சுற்றி நின்றுவிட்டார்கள்.

"ஆத்தாடி, தெனமுமா?"

"தெனமும்தான் அக்கா."

"இது ஒட்டிக்குமாமே?"

"ஒட்டும்னா மொதல்ல எந்தங்கச்சிக்கு ஒட்டியிருக்கணும். ஒரே தட்டுலதான் திங்கிறோம்."

"இவ என் தட்டுல உள்ளத புடுங்கித் திங்கிறா" என்றாள் தங்கை. சிரித்துவிட்டார்கள்.

நான் சனி மூலையில் இறங்கி முதல் முடியை நட்டேன். சேறு கணுக்கால் வரை ஏறியது. அம்மா குலவை போட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அத்தையின் குரல் மட்டும் அதில் இல்லை.

எல்லோரும் வரிசையாக இறங்கி நிரை பிடித்தார்கள். நானும் நின்றேன். எடுத்த வயலை முடிக்காமல் யாரும் வரப்பேறக் கூடாது என்பது அத்தையின் சட்டம். ஆனால் ஊசி போட்டால் நான் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருந்தபோது அத்தையே நிமிர்ந்தார்.

"ஏறு. கஞ்சியக் குடி. ஊசி போட்டுட்டு வெறும் வயித்தோட நிக்கப்படாது."

இது இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிப்பதற்குள் அத்தையும் என் பின்னாலேயே வரப்பேறினார். சுருக்குப் பையைத் திறந்து, வெற்றிலைக்கு அடியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார்.

"என்னக்கா, நீங்களே ஏறிட்டீங்க?" என்று வயலிலிருந்து ஒரு குரல்.

அத்தை மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எனக்கும் சக்கரதாண்டி."

நாற்று பிடித்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. அப்புறம் அந்தக் குரலே சொன்னது: "அதான் ஒங்க டீய எங்களுக்கு ஊத்தி ஊத்திக் குடுத்தீங்களா? நாங்க பாசம்னுல்ல நெனச்சோம்!"

வயலே சிரித்தது. அத்தையும் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எல்லாரும் ஒரே சேத்துத் தண்ணியில நிக்கிறோம். தெரிஞ்சா எவளும் எம்பக்கத்துல நிரை புடிக்க மாட்டான்னு பயம்மா. நீ தைரியக்காரி."

திரும்பி இறங்கியபோது அத்தைக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் முன்போலவே நின்றார்கள். ஒருவரும் விலகவில்லை.

இப்போதெல்லாம் எங்கள் ஊர் நடவில் பாதி வயல் நட்டதும் ஒருமுறை எல்லோரும் வரப்பேறிக் கஞ்சி குடிக்கிறார்கள். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இடுப்பை நிமிர்த்த அது ஒரு சாக்கு. எங்கள் வீட்டுக் கதவை நான் ஊசி போடும்போது யாரும் சாத்துவதில்லை. திறந்த கதவு வழியே வெயில் உள்ளே விழும் ஒவ்வொரு காலையிலும் நினைத்துக்கொள்கிறேன், அன்று வரப்பில் எல்லோர் முன்னாலும் ஊசியை எடுத்தபோது நான் எனக்காக மட்டும்தான் எடுத்தேன், அது இன்னொருத்தியின் சுருக்குப் பையையும் திறந்துவிட்டது என்று.