கட்டில் வரைக்கும் தண்டவாளம்

குழந்தை பிறக்கும் வரை கால் தரையில் படக்கூடாது என்று ஜொகூர் பாரு ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது எனக்கு நான்கு மாதம் முடிந்திருந்தது. அதற்கு முன் இரண்டு பிள்ளைகள். இரண்டும் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, தங்காமல் போய்விட்டன. இதுவும் போனால் இனி ஆசைப்பட வேண்டாம் என்றும் அவர் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் என் கணவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுசாய்த் தீரவில்லை.

நான் ஓர் இடத்தில் சும்மா இருக்கிற பிறவி இல்லை. பூட்டிய பெட்டி கிடந்தால் அதற்குள் என்ன என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. என்னைக் கொண்டுபோய்க் கூலாய் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில், ஒரு ஜன்னல் மட்டுமே உள்ள அறையில், ஐந்து மாதத்துக்குப் படுக்கப் போட்டார்கள். என் கணவர் அங்கே துணை ஸ்டேஷன் மாஸ்டர். தண்டவாளத்தை மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனின் மனைவி காலையில் வந்து என்னைத் துடைத்துவிட்டு, சமைத்து வைத்துவிட்டு, மதியத்துக்கு முன் தன் வீட்டுக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு ஜன்னலில் தெரிகிற ரப்பர் மரங்களை எண்ணிக்கொண்டிருப்பேன். மொத்தம் பதினேழு.

முப்பதுகளின் தொடக்கம் அது. ரப்பர் விலை விழுந்து, வெள்ளைக்காரர்கள் பலர் ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படிப் போன ஓர் இஞ்சினியர் என் கணவரிடம் ஓர் அட்டைப் பெட்டியை விட்டுச் சென்றிருந்தார். உள்ளே சாவி கொடுத்தால் ஓடுகிற தகர எஞ்சின், இரண்டு திறந்த வண்டிகள், ஒரு வட்டத்துக்குப் போதுமான தண்டவாளம். எஞ்சினில் ஒரு சின்னக் குச்சி இருந்தது. அதைத் தள்ளினால் பின்னோக்கியும் ஓடும். சாப்பாட்டு மேசையில் அதை ஒரு தடவை ஓட்டிவிட்டு அலமாரிக்கு மேல் வைத்திருந்தார்.

நான் படுத்து இரண்டாவது வாரம், அது ஒரு தடவை சாவி கொடுத்தால் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டேன். பொழுது போகாமல்தான் கேட்டேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். வட்டத்தில் சுற்றினால் வளைவே பாதி முறுக்கைத் தின்றுவிடுமாம், நேராக ஓடவிட்டால்தான் உண்மை தெரியுமாம். எங்கள் வீட்டில் நேராகப் போகிற ஒரே வழி அடுப்படியில் தொடங்கி, நடைவழி கடந்து, கூடத்தைத் தாண்டி, என் அறைக் கதவு வழியாக வந்து கட்டிலில் முடிந்தது. மறுநாள் பலகைகளோடும், கூடுதல் தண்டவாளத்துக்குத் தகரப் பட்டைகளோடும் வந்து சேர்ந்தார்.

அவருக்குத் தச்சுவேலை சுத்தமாக வராது. முதல் பலகையை ரப்பர் பெட்டி உடைத்த மெல்லிய பலகையில் செய்தார். ஒரு வாரத்தில் அது ஜொகூர் ஈரத்தில் அப்பளமாக வளைந்து நின்றது. அடியில் சட்டம் இல்லாமல் எந்தப் பலகையும் நேராக இருக்காது என்பதை அப்போது கற்றுக்கொண்டார். பிறகு மெராந்தி மரத்துக்கு மாறி, ஒவ்வொரு பலகைக்கும் கீழே நான்கு பக்கமும் சட்டம் அடித்து, நடுவில் மூன்று குறுக்குச் சட்டமும் கொடுத்தார். ஒவ்வொன்றும் ஆறடி நீளம், இரண்டடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். ஒரு பாதைக்கு எதற்கு இத்தனை அகலம் என்று கேட்டால், ஸ்டேஷன் என்றால் இரண்டு பாதையாவது வேண்டாமா என்றார். அடுப்படி தரை கூடத்தைவிட ஒரு படி தாழ்வு. அதனால் கால்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். மருந்துப் புட்டியில் தண்ணீர் ஊற்றிப் படுக்கவைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து அறுத்தார். எறும்பு ஏறாமலிருக்கக் கால்களின் அடியில் பால் டின்களில் தண்ணீர் வைத்தார். என் அறைக் கதவில் வருகிற பலகையை மட்டும் இரண்டு முளைகளை உருவினால் கையோடு தூக்கி எடுக்கலாம். இல்லாவிட்டால் யாரும் உள்ளே வர முடியாது.

பாயிண்ட்ஸ்மேன் மனைவி அதைத் தூக்கி வைக்கச் சலித்துக்கொண்டு, தினமும் குனிந்தே வருவாள்.

"எல்லா வூட்லயும் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவாங்க. உங்க வூட்டுக்காரரு தண்டவாளம் போடுறாருக்கா," என்றாள் ஒருநாள்.

பாதை கட்டிலுக்கு வந்து சேர்ந்த அன்று எனக்கு ஆறாம் மாதம் பாதி. அடுப்படியில் சாவி கொடுத்து விட்டார். கடகடவென்று வருகிற சத்தம் கேட்டது. கூடத்தில் நின்றுவிட்டது. மறுபடி விட்டார், அதே இடத்தில் நின்றது. அடுத்த நாள் வெயிலில் விட்டபோது நேராக என் கட்டில்முனைக்கு வந்து, தடுப்புக்கு வைத்திருந்த துணிச்சுருளில் முட்டியது. அதற்கடுத்த நாள் மறுபடி கூடத்திலேயே நின்றது. எஞ்சினுக்கு எண்ணெய் போதவில்லை என்று அவர் அதைக் கழற்ற உட்கார்ந்தார்.

எனக்கு அது எண்ணெய்க் கோளாறாகத் தோன்றவில்லை. நாள்காட்டித் தாள்களைக் கிழித்து, ஒவ்வோர் ஓட்டத்தையும் எழுதத் தொடங்கினேன். சாவி எத்தனை சுற்று, வண்டி காலியா சுமையா, மழையா வெயிலா, எங்கே நின்றது, எல்லாம். பத்து நாளில் தெரிந்துவிட்டது. மழை பெய்த நாளில் மட்டும் மூன்றாவது பலகையும் நான்காவது பலகையும் சேருகிற இடத்தில் நின்றது. ஈரத்தில் ஒரு பலகை உப்பி, நகக்கண் அளவுக்கு ஒரு படி உண்டாகிறது. வெயிலில் அது அடங்கிவிடுகிறது. கட்டிலில் படுத்துக்கொண்டே, பார்க்காத இடத்தில் இருந்த கோளாறைக் கண்டுபிடித்தேன். பிள்ளை பெறுவதைத் தவிர வேறு எதற்கும் நான் அந்த வருஷம் உதவ மாட்டேன் என்று எண்ணியிருந்தவளுக்கு, அன்று பெருமை பிடிபடவில்லை. அவர் அந்தப் பலகையின் ஓரத்தை இழைத்துச் சரிசெய்தார்.

பாதை சரியானதும் சட்டதிட்டங்கள் வந்தன. பத்து வருஷ ரயில்வேக்காரருக்கு விளையாட்டு ரயிலானாலும் ரயில்தான். ஒற்றைப் பாதையில் அடுத்த ஸ்டேஷன் அனுமதி கொடுக்காமல் வண்டியை விடக்கூடாது. என் தலைமாட்டில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தைத் தொங்கவிட்டு, அடிக்க ஒரு கரண்டியும் வைத்தார். அடுப்படியில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டார். இரண்டு அடி அடித்தால் வண்டி விடலாமா என்று கேள்வி. பதிலுக்கு இரண்டு அடி வந்தால் விடலாம். நிஜ ஸ்டேஷன்களுக்கு நடுவே அடிக்கிற மணியைப் போலவே, விடாமல் ஆறு அடி என்றால் பாதையில் அபாயம், எல்லாவற்றையும் நிறுத்து என்று பொருள். நடைவழியின் தகரக் கூரையில் மழை இறங்கினால் கத்தினாலும் கேட்காது, பித்தளை மட்டும் கேட்கும். வேலைக்கு நடுவே அவர் வீட்டுக்கு வருகிற நேரத்தில் வண்டிகள் ஓடின. வெற்றிலை வந்தது, சீட்டு வந்தது, ஒரு தடவை ரம்புத்தான் பழம் வந்தது.

ஆறு அடித்தால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. ஏழாம் மாதத் தொடக்கத்தில், அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது அடித்துவிட்டேன். பாதி முகத்தில் சோப்போடு ஓடிவந்தார். கதவுப் பலகையின் முனை தொடையில் இடித்து, அறைக்குள் வந்து விழுந்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் திட்டவில்லை. தரையிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"ரெண்டு தடவ பாத்துட்டேன்," என்றார். "மூணாவது தடவய வெளையாட்டுக்குக் காட்டாத."

அவர் முகத்தில் இருந்த சோப்பு காய்ந்துகொண்டிருந்தது. இனி காரணம் இல்லாமல் ஆறு அடிப்பதில்லை என்று அவர் தலையில் கைவைத்துச் சொன்னேன். பிறகு அவர் எழுந்து போன பின் தலையணையில் முகத்தை வைத்து அழுதேன். அந்த இரண்டு பிள்ளைகளையும் நான் மட்டும்தான் இழந்தேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏழாம் மாதம் கடந்தது. எட்டு நடக்கும்போது ஒரு மதியம் பேய்மழை. அவர் அடுப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இடுப்பில் ஏதோ இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. வலியா, படுத்தே கிடந்த மரமரப்பா என்று தெரியவில்லை. ஆறு அடிக்கக் கரண்டியை எடுத்தேன். சோப்பு முகம் நினைவுக்கு வந்தது, கீழே வைத்துவிட்டேன். ஒரு சீட்டில் "வலிக்கிற மாதிரி இருக்கிறது. நிச்சயமில்லை" என்று எழுதி வண்டியில் போட்டு, சாவி கொடுத்து விட்டுவிட்டேன். முதலில் இரண்டு அடித்துக் கேட்கவேண்டும் என்பது அந்தப் பதற்றத்தில் நினைவே இல்லை.

வண்டி போய்ச் சேர நேரம் ஆகாது. நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. வண்டிதான் திரும்பி வந்தது. என் சீட்டு மடித்தபடியே கிடக்க, அதற்கு மேல் ஒரு புதுச் சீட்டு, அவருடைய அழகான ஆபீஸ் கையெழுத்தில்: "அனுமதியின்றி வண்டி வந்துள்ளது. காரணம் தெரிவிக்கவும்."

அந்த மனிதர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அதே நேரத்தில் மூன்றாவது இழுப்பு வந்தது. அது வந்தபோது இனிச் சந்தேகமே இல்லை. கரண்டியை எடுத்து ஆறு அடித்தேன். நிறுத்தாமல் மறுபடியும் ஆறு அடித்தேன்.

அவர் சாப்பிட்ட கையோடு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற சடக்கில் முழங்கால் சேறு, கார் எதுவும் வராது. பயணிகள் வண்டி சாயங்காலம்தான். ஆனால் ஜொகூர் பாருவுக்குப் போகிற ஒரு கூட்ஸ் வண்டி அரைமணியில் எங்கள் ஸ்டேஷனில் நிற்காமல் கடக்க வேண்டியிருந்தது. மழையில் ஓடிப்போய்க் கைகாட்டியைச் சிவப்பில் வைத்துவிட்டு, பாயிண்ட்ஸ்மேனையும் இரண்டு போர்ட்டர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பினார். என்னை எப்படித் தூக்குவது என்று அவர்கள் விழித்தபோது, அவர் கதவுப் பலகையின் முளைகளை உருவி எடுத்தார். அதன்மேல் இருந்த தண்டவாளத்தைக் கையாலேயே பிய்த்து எறிந்தார். விரல்களில் ரத்தம் வந்தது. மேலே மெத்தையை மடித்துப் போட்டு, என்னை அதில் படுக்கவைத்து, புடவையால் சேர்த்துக் கட்டினார்கள்.

எனக்கு அந்த நேரத்திலும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"நடுவுல வளையுமா?" என்று கேட்டேன்.

"வளையாது. மூணு குறுக்குச் சட்டம் போட்டிருக்கேன்," என்றார்.

வளையவில்லை. ஒரு துண்டுத் தண்டவாளத்தை மட்டும் அவர் பிய்க்க விட்டுவிட்டார் போலிருக்கிறது, மெத்தையையும் மீறி அது என் முதுகில் அழுத்திக்கொண்டே வந்தது. கூட்ஸின் கடைசியில் இருந்த கார்டு வண்டியில் பலகையோடு என்னை ஏற்றி வைத்தார்கள். பாயிண்ட்ஸ்மேன் மனைவி மாற்றுத் துணிகளோடு கூட ஏறினாள். ஸ்டேஷனில் அப்போது வேறு அதிகாரி இல்லை, அதனால் என் கணவரால் வரமுடியாது. பிளாட்பாரத்தில் பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கார்டு இரண்டு தடவை விசில் ஊதினார். என் கணவர் கொடியை அசைக்க மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிகாலையில் மகள் பிறந்தாள். ஒரு முழம்கூட இல்லை. எட்டு மாதத்துப் பிள்ளை, ஆனால் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு ஆஸ்பத்திரி நர்ஸே சிரித்தாள். அவர் காலை வண்டியில் வந்து, விரலில் கட்டோடு, அவளைத் தொடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பலகை மூன்று நாள் கழித்துக் கூட்ஸ் வண்டியில் கூலாய்க்குத் திரும்பி வந்ததாம், "மரப்பலகை, ஒன்று" என்று சீட்டுக் கட்டி. ஒரு மாதம் கழித்து நான் பிள்ளையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அது பழைய இடத்தில் இருந்தது. புதுத் தண்டவாளமும் அடித்திருந்தார். ஆனால் இரண்டு பக்கத்து இணைப்பும் அதற்குப் பிறகு ஒருநாளும் சரியாகச் சேரவில்லை.

இன்னும் சில மாதம் கழித்து ஒருநாள் பார்த்தால், அவர் மேசை இழுப்பறையில் என் சீட்டும் அவர் சீட்டும் ஒன்றாக ஊசி குத்திக் கிடந்தன. அவற்றுக்குக் கீழே ஆபீஸ் காகிதங்கள் சில இருந்தன. பூட்டாத இழுப்பறை என்றால் நான் சும்மா விடுவேனா. கூட்ஸ் வண்டியைப் பதினொரு நிமிடம் நிறுத்தியதற்குக் காரணம் தெரிவிக்கவும் என்று மேலிடம் கேட்டிருந்தது. அந்தச் சொற்களைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அபாய மணி ஆறு அடி கிடைத்தது, அதனால் நிறுத்தினேன் என்று இவர் பதில் எழுதியிருக்கிறார். அவர்கள் விடவில்லை. இரு பக்கத்து ஸ்டேஷன்களின் பதிவேடுகளையும் பார்த்துவிட்டார்கள், யாரும் அப்படி மணி அடிக்கவில்லை. மணி எந்த ஸ்டேஷனிலிருந்து வந்தது என்று இரண்டாவது கடிதம்.

அந்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வாக வரவேண்டிய பெரிய ஸ்டேஷன் வராமல் போனதற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஏதாவது பொய் எழுதித் தப்பித்திருக்கலாமே என்று கோபம்கூட வந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பதிலின் நகலைத் தேடி எடுத்தேன். ஸ்டேஷன் பெயர் எழுதவேண்டிய இடத்தில், அதே அழகான கையெழுத்தில், வீடு என்று எழுதியிருந்தார்.