முனியாண்டிக்கு முழுப் போத்தல்

வாசலில் கோலம் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கிளேபாங்கிலிருந்து ரூபி அக்காவின் மகள். "ஆன்ட்டி, மம்மி தூக்கத்துலேயே போயிட்டாங்க." உள்ளே போய்ச் சாமி விளக்கை ஏற்றினேன். அக்கா மாதா கோயிலுக்குப் போகிறவர். என் விளக்கில் அவருக்குக் கோபம் வராது என்று எனக்குத் தெரியும்.

மகளோடு கிளேபாங் போவதற்கு முன், மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில் பதினைந்து வருடம் அவர் எங்களுக்குப் பக்கத்து வீடு. இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரை அறிந்த உங்களில் பலருக்கு அவர் யாழ்ப்பாணத்துப் பேச்சு நினைவிருக்கும், கேக் நினைவிருக்கும். அவர் செய்த வேலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் தணிந்த குரலில்தான் பேசுவோம். மலாக்கா நகரத்து ஹோட்டல் ஒன்றில் பார் மேற்பார்வையாளர். "நான் வித்தனான், குடிச்சுக் கெடேல்ல" என்பார். குடி வாசம் பட்டால் தலைக்குக் குளிக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். ஆனாலும் ஒருநாள் அவரிடம்தான் போய் நின்றேன்.

புக்கிட் காத்தில் என்ற ஊரின் ஓரத்தில் இருக்கும் எங்கள் முனியாண்டி கோயில் முன்பு ரப்பர் தோட்டத்துக்குள் இருந்தது. மற்ற இடங்களில் முனியாண்டிக்குப் பிராந்தி வைப்பார்கள், ஸ்டவுட் பீர் வைப்பார்கள். எங்கள் சாமிக்கு ஜின். தோட்டத்துத் துரை ஒருவர் நேர்ந்துகொண்டு வைத்ததாம், அதுவே வழக்கமாகிவிட்டது. அந்த வருடப் படையல் எங்கள் குடும்பத்து உபயம். வீட்டுச் செலவு என் கையில் என்பதால் கடைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு ஜின் தொண்ணூறு மலேசிய வெள்ளி, இன்னொன்று இருநூறுக்கும் மேல். இரண்டும் தண்ணீர் மாதிரிதான் தெரிந்தன. எதற்கு இந்த வித்தியாசம்?

ரூபி அக்கா சிரித்துவிட்டு, அலமாரியிலிருந்து மூன்று போத்தல்களை எடுத்து மூன்று கிண்ணத்தில் ஒவ்வொரு சொட்டு ஊற்றினார். "நீ குடிக்க வேண்டாம் பிள்ளை. மூக்க மட்டும் வை."

முதலாவது தொண்ணூறு வெள்ளிச் சரக்கு. கற்பூரமும் எலுமிச்சைத் தோலும் சேர்ந்து முகத்தில் அடித்தது. பச்சைப் போத்தல் நூற்று இருபது. அதை முகர்ந்ததும், "அக்கா, இதுல கொத்தமல்லி வெதை இருக்கே!" என்று கத்திவிட்டேன். "ஓம், இருக்குது. ரசம் வைக்கிறவளுக்குத் தெரியாமப் போகுமே?" என்றார். மூன்றாவதுதான் விலை உயர்ந்தது. பன்னீர் தெளித்த கல்யாண மண்டபம் மாதிரி மெல்லிய வாசம்.

அவர் மட்டும் நாக்கில் தொட்டுப் பார்த்துச் சொன்னார்: "முதலாவது தொண்டையில கொஞ்சம் சுடும். ஆனா டோனிக் சோடா ஊத்தினா நிண்டு பிடிக்கும். ரெண்டாவது தனியாவும் நல்லது, கலந்தாலும் நல்லது. மூண்டாவதுக்கு டோனிக் ஊத்தினா ஆளையே காணேலாது. பாதிக் காசு போத்தலின்ர வடிவுக்கு. உங்கட முனியாண்டி டோனிக் கேக்கிறவரோ?"

"இல்லக்கா, தனியாத்தான்."

"அப்ப விவரமான ஆள். ரெண்டாவதையே வாங்கு. அவருக்குப் பிறகு அத முடிக்கப்போற ஆம்பிளையளுக்கு மூண்டாவது வீண்."

படையலுக்கு முதல் நாள் என் கொழுந்தன் சேகர் ஒரு ஜின் போத்தலோடு வந்தான். "அண்ணி, முப்பது வெள்ளிதான். தெரிஞ்ச ஆளு. நூத்து இருபது எதுக்கு-லா?" மறுநாள் காலை கோயிலுக்குக் கிளம்பும்போது, பணம் மிச்சமானதை வேலிக்கு மேலேயே அக்காவிடம் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. "எவ்வளவு எண்டனி? முப்பதோ?" அவ்வளவுதான், செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு வண்டியில் ஏறிவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, சேகர் முன்னமே கொண்டுவந்த போத்தல் சாமி முன்னால் இருந்தது. தீபாராதனை முடிந்ததும் என் கணவர் முதல் ஆளாக வாங்கிக் குடிப்பார், அப்புறம் சேகர், பூசாரி, மற்றவர்கள். அக்கா கோயில் வேலிக்கு வெளியே நின்றே குரல் கொடுத்தார். "ஐயா, அதத் திறந்து குடிக்காதேங்கோ."

பூசாரி மாரிமுத்துவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "சாமிக்கு வச்சாச்சு ஆன்ட்டி. வச்சத எடுக்க முடியாது."

"சாமிக்கு ஒண்டும் ஆகாது. உங்களுக்குத்தான் ஆகும். ஒரு போத்தல் ஜின்னுக்குச் சுங்க வரி கட்டவே முப்பது வெள்ளி காணாது. அப்ப உள்ள என்னத்த ஊத்தியிருப்பான்? கெட்டதெண்டா முதல்ல கண் போகும், பிறகு ஆள் போகும்."

"நான் மோந்து பாத்தேன் அக்கா, நல்ல வாசம்தான்" என்றான் சேகர்.

"மூக்கால கண்டுபிடிக்கேலாது தம்பி. பாரிலயே காலம் கழிச்ச எனக்கே ஏலாது. நாக்கு ஏமாறும், மூக்கு ஏமாறும். விலையைத்தான் பாக்கோணும்."

வைத்ததைத் திருப்பி எடுத்தால் சாமி குற்றம். எடுக்காவிட்டால் என் வீட்டுக்காரர் குடிப்பார். என் வாய் தானாக முனியாண்டியைக் கூப்பிட்டது. வழி சொன்னதோ வேலிக்கு வெளியே நின்ற அக்காதான்.

"எடுக்க வேண்டாம் ஐயா. முழுக்க அவருக்கே குடுத்திடுங்கோ. மனுசருக்குப் பங்கு வேண்டாம்."

பூசாரி சூலத்தைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு மூடியைத் திருகி, கடைசிச் சொட்டு வரை சூலத்தடி மண்ணில் ஊற்றினார். "இந்த வருசம் முனியாண்டிக்குத்தான் ஜாலி" என்று சேகர் முனக, எல்லோரும் சிரித்துவிட்டோம். அக்கா உள்ளே வரவில்லை. சர்க்கரைப் பொங்கலை வேலிக்கு மேலாக வாங்கி, சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

அந்தப் போத்தலில் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நல்ல ஜின்னாகவே இருந்திருக்கலாம். சேகர் இப்போதும் அப்படித்தான் சாதிக்கிறான். தெரியாமலே போனதற்குத்தான் நான் நன்றி சொல்கிறேன். தன் சாமி இல்லாத கோயிலில், தன்னை முறைத்த ஆண்கள் முன்னால், அவர்களுக்காகவே வாதாட ஒரு பெண் வந்து நின்றார்.

ரூபி அக்கா எனக்கு விட்டுப்போனது என்ன என்று கேட்டால், என் கணவரைத்தான் காட்டுவேன். நான் எழுதிய இந்தத் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, "எழுத்து ஏன் இவ்ளோ பொடியா இருக்கு?" என்று குறைபட்டபடி, மூக்குக் கண்ணாடிகூட இல்லாமல் ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருக்கிறார்.